புட்டுக்குழல் மேசையில் இருக்கிறார்

ஜனவரி 12

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த சனம் எல்லாம் போய்விட்டது. அபிராவும் மருமகனும் மத்தியானம் ஒட்டாவாவுக்குக் கார் எடுத்தார்கள். போகுமுன் ஃபிரிட்ஜ் முழுக்கப் பெட்டி பெட்டியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் என்ன கறி என்று ஒட்டி வைத்திருக்கிறாள். எனக்கு மூக்கு இல்லை என்று நினைத்துவிட்டாள் போல.

தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். பள்ளிக்கூட பஸ்ஸை ஆர் ஓட்டுவது என்று கேட்டேன். ஸ்கார்பரோவில் வேறு டிரைவர்மார் இல்லையோ என்றாள். இருக்கிறார்கள், ஆனால் என்னளவு மெதுவாக ஓட்டுவதற்கு ஆளில்லை.

அம்மாவின் ஃபோனை நிறுத்தவேண்டுமாம், லோஜியின் ஃபோனை. மாதாமாதம் சும்மா காசு போகுதாம். படங்கள் எடுக்கவேண்டும், மார்ச் முடியட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அறைக்குப் போகிற ஓடையில் கூரை ஒழுகுகிறது. வாளி வைத்திருக்கிறேன்.

பஸ் கம்பனி தந்த டயரி இது. சும்மா கிடக்கிறதே என்று எழுதுகிறேன்.

ஜனவரி 15

காலை பஸ் ஓட்டம் முடிந்து வந்து, வழக்கம்போலப் படுத்தேன். முப்பது வருசமாக அந்த நேரத்தில் படுத்து எழும்புகிற உடம்பு. கண் அயரும்போது லோஜியின் ஃபோன் மேசையில் நடுங்கியது. எடுத்துப் பார்த்தேன். 'புட்டுக்குழல், உங்கள் மேசை உங்களைத் தேடுகிறது' என்று இங்கிலீஷில் ஒரு செய்தி.

ஏதோ சமையல் விசயம் என்றுதான் தொட்டேன். பச்சை மேசை ஒன்று விரிந்தது. சுற்றிவர ஆட்கள், நடுவில் சீட்டு. போக்கர். காசுக்கு ஆடுகிற போக்கர்.

என்னுடைய லோஜி. கோயில் உண்டியலில் போடும்போதுகூட யோசித்துப் போடுகிறவள்.

நான் ஒரு வருசம் கசினோ பஸ் ஓட்டியவன். போகும்போது பாட்டு, வரும்போது மயான அமைதி. அந்த முகங்களைப் பார்க்க ஏலாமல் வேலையை விட்டேன். அதற்குப் பிறகு சூதாட்டம் என்ற சொல் எங்கே காதில் விழுந்தாலும் லோஜிக்கு முன்னால்தான் பிரசங்கம் வைப்பேன். அவள் அரிசி கழுவிக்கொண்டே 'ஓமப்பா, ஓமப்பா' என்பாள்.

ஜனவரி 16

இன்றைக்குப் புட்டுக்குழலைத் தேடினேன். மேல் தட்டில் இருந்தது. திருப்பி வைத்துவிட்டேன்.

ஜனவரி 20

பனி கொட்டுகிறது. பஸ் ஓட்டம் நிறுத்தம். யன்னலுக்கு வெளியே தெருவும் இல்லை, எதிர்வீடும் இல்லை. வெள்ளைத் துணியைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. உலகம் இந்தக் கதிரை அளவுக்குச் சுருங்கிவிட்டது.

அந்தக் கதிரையில் இருந்துகொண்டு, புட்டுக்குழல் என்ற பெயரில் இருந்த லோஜியின் கணக்கைத் துழாவினேன். உள்ளே போக அவள் ஃபோனுக்கே ஒரு இலக்கம் வருகிறது. அதைப் போட்டால்தான் கதவு திறக்கும். ஃபோனை நிறுத்தினால் அந்தக் கதவு மூடிவிடும் என்று அப்போதுதான் விளங்கியது.

காசு போடவும் எடுக்கவும் எத்தனை வழி வைத்திருக்கிறான்கள். கடனட்டை ஒரு வழி. ஆனால் சில வங்கிகள் சூதாட்டம் என்றால் மறித்துவிடுமாம். இணையத்திலே இருக்கிற பணப்பை இன்னொன்று. வங்கியிலிருந்து இ-டிரான்ஸ்பர். கண்ணாலே காணாத டிஜிட்டல் காசு. கடையிலே கைக்காசு கொடுத்து வாங்கி, அதில் உள்ள இலக்கத்தைத் தட்டிப் போடுகிற கூப்பன். ஒருவன் தன் காசைத் தானே ஒரு பொக்கற்றிலிருந்து மற்றப் பொக்கற்றுக்கு மாற்றுவதற்கு இத்தனை கதவு.

லோஜி கூப்பன் வழியாக வந்திருக்கிறாள். ஒரேயொரு தரம், ஐந்து வருசத்துக்கு முந்தி, ஆகச் சின்னக் கூப்பன். அதற்குப் பிறகு போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. இருப்பதெல்லாம் வென்ற காசு. சதம் சதமாக வென்று சேர்த்தது. இந்த வீட்டின் கூரையை மாற்றலாம், அவ்வளவு இருக்கிறது.

எனக்குச் சந்தோசம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஐந்து வருசம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குச் சொல்லவில்லையே என்றுதான் வந்தது.

ஜனவரி 23

ரூபனின் கடைக்குப் போனேன். வெண்டிக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டே, இங்கே அந்தக் கூப்பன் விற்கிறதோ என்று கேட்டேன். ரூபன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு அவனாகவே சொன்னான்.

"லோஜியக்கா ஒருக்கா வாங்கினவா. மீன் வாங்கின மிச்சக் காசுக்கு. 'தம்பி, இவருக்குச் சொல்லிப்போடாதை'யெண்டு சிரிச்சவா."

"நீயும் சொல்லேல்லை."

"அக்கா சொல்லாதை எண்டால் நான் ஏனண்ணை சொல்லுறன்?"

வெண்டிக்காய்க்குக் காசு வாங்க மாட்டேன் என்றான். வைத்துவிட்டு வந்தேன். வெண்டிக்காயைத்தான்.

ஜனவரி 28

இன்றைக்கு மேசையில் இருந்தேன்.

விளையாடுகிற எண்ணம் இல்லை. பெயரைத் தொட்டால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான். பச்சை விளக்கு ஒன்று எரிந்தது. 'புட்டுக்குழல் மேசையில் இருக்கிறார்.' உடனே பக்கத்தில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. புட்டு வந்துவிட்டாய். புட்டு, எங்கே போனாய். புட்டு, சுகமா. வெள்ளைக்காரர் எல்லாரும் அவளைப் புட்டு என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் 'சுகம்' என்று இங்கிலீஷில் அடித்தேன். அவ்வளவுதான்.

அவள் முறை வரும்போது பெயரைச் சுற்றி ஒரு வெளிச்ச வளையம் ஓடுகிறது. யோசிக்கத் தரும் நேரமாம். வளையம் ஓடி முடியும்வரை அவள் யோசித்துக்கொண்டு இருக்கிறாள் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. நான் தேவையில்லாமல் ஒவ்வொரு தரமும் வளையத்தை முடியும்வரை ஓடவிட்டேன்.

பெப்ரவரி 3

இந்த விளையாட்டு எனக்குச் சரிவராது. எனக்குத் தெரிந்த சீட்டாட்டம் முந்நூற்று நாலு. கலியாணம் கட்டிக் கனடாவுக்கு வந்த புதிதில், சனிக்கிழமைகளில் எங்கள் அப்பார்ட்மெண்டில் நாலு பேர் இருந்து ஆடுவோம். லோஜி எனக்குக் கூட்டாளி. எனக்கு எதிரே இருப்பாள். அதில் ஏஸ் மூன்றாம் ஆள்தான். ராசாவும் ராணியும் சும்மா வேலைக்காரர். ஜாக்தான் எல்லாருக்கும் மேலே. கையில் ஜாக் வந்தால் நான் தலைக்கு மேலே தூக்கி மேசையில் அடிப்பேன். தேத்தண்ணிக் கோப்பை துள்ளும். 'ஐயா வந்திட்டார், எழும்பி நில்லுங்கோ' என்பேன். லோஜி சிரித்துச் சிரித்து இருமுவாள்.

கூட்டாளியோடு கதைக்கக்கூடாது, அதுதான் சட்டம். லோஜிக்குத் தொடக்கத்தில் அது வராது. கையில் நல்ல சீட்டு வந்தால் புருவம் ஏறும், வாய் கோணும். "முகத்தாலை கதைக்காதை, லோஜி. சொல்லுறதைச் சீட்டாலை சொல்லு" என்று ஏசுவேன். ஏசி ஏசி, ஒரு வருசத்தில் அவள் முகத்தில் ஒன்றும் வாசிக்க முடியாமல் போய்விட்டது. நான் பழக்கியதுதான்.

போக்கரில் ஜாக்குக்கு மதிப்பில்லை. ஏஸ், ராசா, ராணி, அதற்குப் பிறகுதான் அவர். புத்திக்குத் தெரிகிறது. ஆனால் கையில் ஜாக் வந்தால் விரல் விடுகிறதில்லை. இன்றைக்கும் ஒரு ஜாக்கைக் கட்டிப்பிடித்து, லோஜியின் காசில் கொஞ்சத்தைப் பறிகொடுத்தேன்.

பெப்ரவரி 6

பத்து மணிக்குக் கதிரையில் அயர்ந்துவிட்டேன். கனவில் நான் பஸ் ஓட்டுகிறேன். பிள்ளைகள் இல்லை. இருக்கைகளில் அந்தப் போக்கர் ஆட்கள் இருக்கிறார்கள். முகமில்லை, வெறும் வட்டங்கள். கடைசி இருக்கையில் லோஜி குளிர்க்கோட்டோடு இருக்கிறாள். அவளைச் சுற்றி வெளிச்ச வளையம் ஓடுகிறது. தெருவெல்லாம் பச்சைத் துணி, சக்கரத்தில் சத்தமே இல்லை. இறங்கும் இடம் வந்துவிட்டது என்று கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். அவள் மணிக்கயிற்றை இழுக்கவில்லை. நானும் நிற்பாட்டவில்லை.

எழும்பினால் மூன்று மணி ஓட்டத்துக்கு நேரமாகிவிட்டது. முதல்தரமாகப் பிந்திப் போனேன்.

பெப்ரவரி 9

ஒழுக்கு. வாளியை மாற்றினேன். மேசையில் இருந்தேன்.

பெப்ரவரி 14

அபிரா கதைத்தாள். பகலில் எத்தனை தரம் எடுத்தும் நான் எடுக்கவில்லையாம். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். நித்திரை என்றேன். சாப்பிட்டீர்களோ என்றாள். பெட்டியில் ஒட்டியிருப்பதை வாசித்துக் காட்டினேன். உள்ளே இருப்பதைச் சாப்பிட்டீர்களோ என்று கேட்டாள். லோஜியின் மகள்.

அம்மாவின் ஃபோனில் படங்களை எடுத்தாயிற்றா என்றாள். நிறைய இருக்கு, மெல்ல மெல்ல எடுக்கிறேன் என்றேன். பிள்ளைக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, ஆனால் வாய் வழுக்கிக்கொண்டு போனது. லோஜிக்கும் இப்படித்தான் போயிருக்கும்.

பெப்ரவரி 24

எழுதாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன்.

மேசையில் ரோஸ் என்று ஒருத்தி. சஸ்காச்சுவானில் ஏதோ பண்ணை. வாய் ஓயாத மனுசி. மாடு, பனி, பேரன் என்று எழுதிக்கொண்டே இருப்பாள். சில நாளாக அவள் பேச்சைக் குறைத்துவிட்டதைக் கவனித்தேன். இன்றைக்கு நான் ஒரு ஜாக்கை வைத்துக்கொண்டு கடைசிவரை போய்த் தோற்றதும், எனக்கு மட்டும் தெரிகிற மாதிரித் தனியாக எழுதினாள். புட்டு ஐந்து வருசமாக ஜாக்கைக் கண்டால் உடனே எறிந்துவிடுவாள். நீ எறிகிறதே இல்லை. நீ புட்டு இல்லை.

வளையம் ஓடி முடிந்து, என் முறை தானாகவே போனது.

நீ அவளுடைய கணவன்தானே என்று எழுதினாள்.

ஓம் என்று எழுதினேன். தமிழில்தான் எழுதினேன். அவளுக்கு விளங்கியிருக்கவேண்டும். பிறகு எழுதினாள், ஒவ்வொரு நாளும் புட்டு இதே நேரத்துக்கு வருவாளாம். ஒவ்வொரு நாளும் நடுவில் எழும்பிப் போவாளாம். என்ன நல்ல சீட்டு வைத்திருந்தாலும் போட்டுவிட்டுப் போவாளாம். 'அவர் எழும்புகிறார், நான் தேத்தண்ணி வைக்கவேண்டும்' என்று எழுதிவிட்டுத்தான் போவாளாம். அந்த ஆளுக்கு ஒரு நாளாவது அலாரம் வைத்துக் கொடு என்று இவர்கள் பகிடி பண்ணுவார்களாம்.

நான் அறையில் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்த நேரத்தில், சுவருக்கு இந்தப் பக்கம் இதெல்லாம் நடந்திருக்கிறது. எழும்பும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் தேத்தண்ணி இருக்கும். அது எப்படிச் சரியாக அந்த நிமிசத்தில் வருகிறது என்று முப்பது வருசத்தில் ஒருநாளும் யோசித்ததில்லை.

அழுதேன். எழுதிவிட்டேன், இனி அழிக்கப் போவதில்லை.

பெப்ரவரி 25

மேசைக்குப் போகவில்லை. ரோஸ் மற்றவர்களுக்குச் சொல்லியிருப்பாளோ தெரியாது.

மார்ச் 4

கம்பனியின் உதவிப் பகுதிக்கு எழுதினேன். மெலனி என்று ஒரு பிள்ளை பதில் எழுதினாள். இந்தக் கணக்கு என் மனைவியுடையது என்றேன். அப்படியானால் மனைவியே எழுதவேண்டும் என்றாள். முடியாது என்றேன். ஏன் என்று கேட்டாள்.

அந்தச் சொல்லை இங்கிலீஷில் எழுதினேன். இங்கிலீஷில் எழுதுவது லேசு. அது என்னுடைய சொல் இல்லை.

மெலனி மரியாதையான பிள்ளை. வருந்துகிறேன் என்றாள், பத்திரங்களை அனுப்பச் சொன்னாள். கணக்கை மூடிவிடுவோம், பெயர் இனி மேசையில் வராது என்றாள். அந்த வசனத்தைப் பல தரம் வாசித்தேன். மிச்சக் காசு லோஜி கணக்குத் திறந்த அன்றைக்கே தெரிவு செய்து வைத்த வழியில் வரும். அவளுடைய ஈமெயிலுக்கு இ-டிரான்ஸ்பர். அதைத் திறக்க ஒரு கேள்வியும் பதிலும் அவளே வைத்திருக்கிறாள். கேள்வி காசோடு வரும், பதிலைத் தங்களாலும் பார்க்க முடியாது என்றாள். மூன்று தரம் பிழைத்தால் காசு திரும்பி வந்துவிடும். பிறகு வழக்கறிஞர், நீதிமன்றம் என்று நீளும்.

என்ன கேள்வி என்றேன். வரும்போது பாருங்கள் என்றாள்.

மார்ச் 8

வந்தது. லோஜியின் ஃபோனில்தான் வந்தது. கேள்வியைத் தமிழில், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருக்கிறாள்.

சீட்டிலை ஆர் பெரியவர்?

இதென்ன பெரிய விசயம். ஒரு மாதம் போக்கர் ஆடியவனுக்குத் தெரியாதா. ஏஸ் என்று அடித்தேன்.

பிழை என்று வந்தது.

ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எனக்குக் கோபம். அந்தக் காசு எனக்கு வேண்டாம். ஒளித்ததுதான் ஒளித்தாள், கடைசியிலும் ஒரு பூட்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

மார்ச் 10

மார்ச் விடுமுறைக்கு அபிரா வந்தாள். வாளியைக் கண்டாள், ஏசினாள், கடைசியில் எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாகிவிட்டது. நான் நினைத்தது மாதிரி அவள் கோபிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அதே கையால் கண்ணைத் துடைத்தாள்.

"அம்மா போக்கர் விளையாடினவாவோ? எங்கடை அம்மாவோ?"

"எனக்கு ஒளிச்சு. ஐஞ்சு வருசம்."

"நீங்கள் பண்ணுற பிரசங்கத்துக்கு ஆர் அப்பா சொல்லுவினம்?"

ஃபோனை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

கேள்வியைப் பார்த்தாள். அம்மாவைத் தெரியாதா, ராணி என்றுதான் வைத்திருப்பா என்று, நான் மறிக்கமுன் அடித்துவிட்டாள். பிழை. இனி ஒன்றே ஒன்றுதான் மிச்சம். இரண்டு பேரும் ஃபோனை அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரிப் பார்த்துக்கொண்டு இருந்தோம். நாளைக்குப் பார்ப்போம் என்று அதை மேசை நடுவில் வைத்தாள்.

மார்ச் 11

அபிரா ரூபனின் கடைக்குப் போயிருந்தாள். பத்தரை மணி. விடுமுறை என்றாலும் உடம்புக்குத் தெரியாது, படுக்கக் கூப்பிட்டது. படுக்காமல் சாப்பாட்டு மேசையில் இருந்தேன். கரைகிற பனியில் வெயில் பட்டு, சுவரெல்லாம் தண்ணீர் ஆடுகிறது. வீடு மெல்ல எங்கேயோ மிதந்து போகிற மாதிரி இருந்தது. எதிரே லோஜியின் கதிரை. ஃபோன் நடுவில், இறக்கி வைத்த சீட்டு மாதிரி.

லோஜி போக்கரில் கெட்டிக்காரி. அதில் ஏஸ்தான் பெரியவர் என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஜாக்கைக் கண்டால் எறிகிறவள். தனக்கென்று கேள்வி வைத்திருந்தால் ஏஸ் என்றுதான் வைத்திருப்பாள். தனக்கு வைக்கவில்லை.

கணக்குத் திறந்த அன்றைக்கே வைத்த கேள்வி. ஒரு சதமும் வெல்லாத அன்றைக்கு. மீன் வாங்கிய மிச்சக் காசைப் போட்டுவிட்டு, இதை ஒருநாள் திறக்கப்போகிறவன் ஆர் என்று முதலே முடிவெடுத்திருக்கிறாள். அவனுக்கு மட்டும் தெரிந்த பதிலாகப் பார்த்து வைத்திருக்கிறாள். உலகத்திலே எந்த வெள்ளைக்காரனும், எந்த வங்கிக்காரனும், பெற்ற பிள்ளையும்கூட அதைச் சொல்லமாட்டார்கள்.

கூட்டாளியோடு கதைக்கக்கூடாது. சொல்வதைச் சீட்டால் சொல்லு.

சொல்லியிருக்கிறாள். நான்தான் இவ்வளவு நாளும் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

எழும்பி நின்றேன். ஏனென்று தெரியாது, நிற்கவேண்டும் போல இருந்தது. ஜாக் என்று அடித்தேன். கையைத் தலைக்கு மேலே தூக்கி, ஒற்றை விரலால் அந்தப் பொத்தானில் ஓங்கி அடித்தேன். மேசையில் இருந்த கோப்பை துள்ளியது.

பச்சை வெளிச்சம் வந்தது. உங்கள் கணக்கில் வைப்பிடப்பட்டது என்று வந்தது.

"ஐயா வந்திட்டார்" என்றேன். எதிரே கதிரையில் வெயில் மட்டும் இருந்தது. நான் கனநேரம் நின்றுகொண்டே இருந்தேன்.

அபிரா மீனோடு வந்து, என்னப்பா நிற்கிறீர்கள் என்று கேட்டாள். சும்மா என்றேன்.

மார்ச் 27

கூரைக்காரர் வந்து வேலையை முடித்துப் போனார்கள். ஃபோனை நிறுத்தச் சொல்லி அபிராவுக்குச் சொல்லிவிட்டேன்.

இன்றைக்குப் பெருமழை. காலை ஓட்டம் முடிந்து வந்து படுத்தேன். எழும்பினேன். தேத்தண்ணி இல்லை. நானே போய் வைத்தேன். வாளியைக் கழுவிக் கவிழ்த்தேன்.

லோஜி செத்துப்போனாள். கூரை ஒழுகவில்லை.